அடுத்த சேலா எப்போது வரும்

அன்று கிணற்றங்கரையில் இருந்தவர்கள்: அம்மா, பெரியம்மா, நான், எங்கள் தெரு ஜெபவீட்டுக்கு ஆராதனைக்கு வந்திருந்த எல்லோரும், கம்பெனி வேலையின் மேஸ்திரி, ஆயில் என்ஜின் ஓட்டுகிறவர், மண் அள்ளும் ஆட்கள். இல்லாதவர்கள்: பொன்னேரிக்கு ரயிலேறிப் போயிருந்த எங்கள் சபை உபதேசியார், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத கான்டிராக்டர். என் அப்பாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கிணற்றுக்குள் இருந்தார். மண் அவர் மேல் இருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே பாதி வீடுகளில் அப்படித்தான். நைனாவுக்குக் கிணறு வெட்டுகிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து மேட்டு நிலங்களில் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. சுவர் எழுப்புவதற்கு முன்னால் தண்ணீர் வேண்டும் அல்லவா? அதனால் எங்கள் ஆட்களுக்குத்தான் முதல் வேலை கிடைத்தது. நைனா அதைப் பெருமையாகச் சொல்லுவார். "கம்பெனிக்கு மொதல்ல உள்ள போனவன் நான்தான். மேனேஜர்லாம் அப்புறம்தான்."

அந்தக் கிணறு ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. மேலே களிமண், அதற்குக் கீழே மணல். களிமண் மேலே கெட்டியாக நிற்கும். கீழே இருக்கும் மணல் ஊற்றுத் தண்ணீரோடு சேர்ந்து மெல்ல மெல்ல உதிர்ந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் பலகை அடித்து முட்டுக்கொடுத்துத்தான் வெட்டினார்கள். ஊறுகிற தண்ணீரை இறைக்க, கிழக்குக் கரையில் என்ஜினை வைத்து, அதன் இரும்புக் குழாயை அடிவரைக்கும் இறக்கியிருந்தார்கள். அந்த வாரம் மழை வேறு. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்று, "நாளைக்கு வராதவன் திங்கக்கெழமையும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நைனா ஆராதனைக்கு வராமல் இருந்ததே இல்லை.

"ஊட்ல எத்தினி வாயின்னு கர்த்தருக்குத் தெரியும்மே" என்றார் நைனா. என்னைப் பார்த்து, "நீ போய் நல்லா சத்தமாப் படிடா" என்றார்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். உபதேசியார் வெளியூர் போகிற ஞாயிறுகளில் வேதம் வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. அதிலும் வேதத்தில் சங்கீதம் என்று வருகிற பாட்டுகளை வாசிப்பதில் எனக்கு ஆசை அதிகம். பயப்படுகிறவனுக்குத் தைரியம் கொடுக்கும் பாட்டுகள் என்று நினைத்திருந்தேன்.

சங்கீதங்களில் ஒரு விசித்திரமான சொல் உண்டு. சில வசனங்களின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 'சேலா' என்று நிற்கும். மொழிபெயர்த்தவர்களுக்கும் அது என்னவென்று தெரியவில்லை போலிருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் முதல்முதலாக அதை வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது.

"இன்னாடி இது, நடுவுல சேலை கேக்குறான்?"

"வாத்தியாருக்குப் படிக்கிறான் இல்ல, பொண்ணு பாத்துக்கினு இருக்கான் போல."

உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னார். அர்த்தம் யாருக்கும் சரியாகத் தெரியாது, பாடுகிறவர்கள் அந்த இடத்தில் சற்று நிறுத்தியிருக்கலாம் என்று சொல்கிறார்கள் என்றார். 'நிறுத்தியிருக்கலாம்' என்று அவர் சொன்னது எங்கள் ஜனங்களின் காதில் 'நிறுத்த வேண்டும்' என்று விழுந்தது. அன்றிலிருந்து நான் சேலா என்றால் எல்லோரும் அப்படியே நிறுத்துவார்கள். விசிறுகிற கை நிற்கும். இருமல் தொண்டையிலேயே நிற்கும். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவார்கள்.

பிறகு அந்தச் சொல் ஜெபவீட்டை விட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் கத்தினால் "சேலா!" என்று அதட்டுவார்கள். குழாயடியில் சண்டை முற்றினால் யாராவது "சேலா போடுங்கடி" என்பார்கள். என்ஜின்காரர் ஊர்ப்பக்கத்து ஆள், எங்கள் தெருவும் இல்லை, எங்கள் சபையும் இல்லை. அவருக்கும் அது தெரியும். வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா வாத்தியாரே, உங்க சாமி சேலை குடுக்குதாமே. எங்க ஊட்டுக்காரி ஒண்ணு கேக்குறா, செவப்புக் கலர்ல" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்துக்கொண்டிருந்தது நாற்பத்தாறாம் சங்கீதம். பூமியே இடம்பெயர்ந்தாலும் நாம் பயப்படோம் என்று சொல்கிற சங்கீதம். அந்த வரியில் பாதி வந்திருப்பேன். மண் அள்ளும் ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தலைமுடியிலிருந்து கால்வரை சேறு. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"கெணறு சரிஞ்சிடுச்சி" என்றான்.

யார் உள்ளே என்று யாரும் கேட்கவில்லை. அவன் பார்த்தது என் அம்மாவைத்தான்.

வேதபுத்தகத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் அதோடேயே ஓடினேன். வழியில் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓய்வுநாள்ல வேலைக்குப் போனா இப்பிடித்தான் ஆவும்" என்றாள். பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சேலா போடுடி" என்றாள். அம்மாவின் அக்கா அவள். புருஷனை இழந்த பிறகு எங்கள் தெருவில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள்.

கிணற்றைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மேற்குப் பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. முட்டுக்கொடுத்த பலகைகள் தீக்குச்சிகள் போலத் தாறுமாறாக நீட்டிக்கொண்டிருந்தன. அடியில் சேறும் மண்ணும் குழம்பிக் கிடந்தன. இரண்டு பேர் மேற்குப் பக்கமாக இறங்கி மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு கூடை அள்ளினால் மேலேயிருந்து இரண்டு கூடை விழுந்தது.

"கிட்ட வராதீங்க! அந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம்!" என்று மேஸ்திரி கத்தினார். அவர் கை காட்டியது கிழக்குக் கரையை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்த பக்கம். அத்தனை பேரும் அங்கே போய் நெருக்கி நின்றோம். என்ஜின் சத்தத்தில் காது அடைத்தது. பக்கத்தில் இருப்பவர் அழுவது வாயைப் பார்த்தால்தான் தெரியும்.

அம்மா அழவில்லை. மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"எந்தப் பக்கமா வெட்டிக்கினு இருந்தாரு?"

"மேக்கால. அங்கதாம்மா தோண்டிக்கினு இருக்கோம்."

"சத்தம் வந்துச்சா?"

"இந்தச் சத்தத்துல இன்னா கேக்கும்?" அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது. "தோ பாரும்மா. மத்தியானம் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஆளு எறக்க என்னால முடியாது. அவுங்களுக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் மறுத்தால் கெஞ்சலாம், சண்டை போடலாம். கூடை சுமந்தவர்களில் ஒருவன் இன்னொருவனிடம், "மூடிட்டு வேற எடத்துல வெட்டுவாங்க" என்று சொன்னது உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாதியில உட்டுட்டு வந்தியே, அதப் படி."

"இப்ப எப்பிடி பெரிம்மா?"

"வேற இன்னா தெரியும் உனுக்கு? மம்ட்டி புடிக்கத் தெரியுமா? கூடை தூக்குவியா? படிடா."

புத்தகத்தைத் திறந்தேன். நாம் பயப்படோம் என்று முடிகிற அந்த வரியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. இவ்வளவு பயந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? பொய்தானே? அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகலாமா என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். 'நான்' என்று இல்லை, 'நாம்' என்று இருந்தது. என்னிடம் இல்லாவிட்டால் பெரியம்மாவிடம் இருக்கட்டும் என்று வாசித்தேன். தண்ணீர்கள் கொந்தளிப்பதையும் மலைகள் அதிர்வதையும் கத்திக் கத்தி வாசித்தேன். வசனத்தின் முடிவில் அந்தச் சொல் வந்தது.

"சேலா!"

எங்கள் ஜனங்கள் நிறுத்தினார்கள். அத்தனை வாயும் ஒரே நேரத்தில் மூடியது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சட்டென்று என்ஜின்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே! சேலா!"

"நிறுத்துனா தண்ணி ஏறிக்கும்மா. திரும்ப எடுக்குமோ எடுக்காதோ..."

"சேலா போடுண்ணே!"

அவர் நிறுத்தினார்.

அந்த அமைதியை நான் இன்றைக்கும் சில ராத்திரிகளில் கேட்கிறேன். எங்கோ மண் கட்டி ஒன்று உருண்டு தண்ணீரில் விழுந்தது. கீழே இருந்த இரண்டு பேரும் மண்வெட்டியைப் பிடித்தபடி மேலே பார்த்தார்கள். பிறகு, டக். சற்றுப் பொறுத்து, டக் டக்.

என்ஜின்காரரின் கை குழாயின் மேல் இருந்தது. சூடு பட்டதுபோல அதை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பைப்பு! பைப்புல தட்டுறான்யா! உசுரோட இருக்கான்யா!"

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். அடுத்த நொடியே எழுந்துவிட்டாள். குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மேற்கே அல்ல, கிழக்கே. குழாயின் வாயில் மணல் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க நைனா வெட்டிய இடத்தை விட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். நாங்கள் இத்தனை பேரும் அவருக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தோம். காலடியில் கரை ஏற்கெனவே ஒரு விரல் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"ஓடாதீங்க" என்றார் மேஸ்திரி. சத்தம் போடப் பயந்து கிசுகிசுத்தார். "ஒவ்வொருத்தரா, மெள்ளமா போங்க."

நான் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் நைனாவின் தலையை அழுத்துவது போல இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதனால் என்ன எடை குறையும்? ஆனாலும் கழற்றினேன்.

தெற்குப் பக்கத்திலிருந்து சரிவாகத் தோண்டிக்கொண்டு போவது என்று முடிவானது. எங்கள் ஆண்கள் வீட்டுக் கதவுகளைக்கூடக் கழற்றி முட்டுக்கொடுக்கக் கொண்டு வந்தார்கள். என்ஜினை மறுபடி கிளப்பியபோது அது தண்ணீரைப் பிடிக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஊற்றிச் சுற்றினார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. என்ஜின்காரர் தன் குலதெய்வத்தைத் திட்டினார், எங்கள் சாமியையும் திட்டினார். கடைசியில் பிடித்தது. பிடித்ததும் தட்டும் சத்தம் போய்விட்டது. நைனா மறுபடியும் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஆள் ஆனார்.

ஓட்டினால் கேட்காது, நிறுத்தினால் தண்ணீர் ஏறும். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கேட்பது? மேஸ்திரிக்குத் தெரியவில்லை. என்ஜின்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பாட்டுக்குப் படி. அடுத்த சேலா எப்ப வரும்?"

"நாலு வசனம் தாண்டி வரும்ணே."

"பாஸ்ட்டாப் படிக்காத. நிதானமாப் படி."

அப்படித்தான் அந்த வேலை நடந்தது. நான் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வாசித்தேன். சேலா வந்ததும் என்ஜின் நிற்கும். மண்வெட்டிகள் நிற்கும். குழாயில் டக் டக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்று பார்த்துக்கொண்டு மறுபடி தோண்டுவார்கள். கடவுள் அமைதியாக இருக்கச் சொல்கிற வரியும் அதில் வந்தது. அதை வாசித்த கையோடு கடைசி சேலா வந்துவிட்டது. சங்கீதம் தீர்ந்துபோயிற்று.

"அடுத்தது?" என்றார் என்ஜின்காரர்.

சேலா எந்தெந்த சங்கீதத்தில் வரும் என்று நான் மனப்பாடம் செய்ததில்லை. பக்கங்களைப் புரட்டி அடைப்புக்குறியைத் தேடினேன். வசனங்களைப் பார்க்கவே இல்லை. விரல் ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு இடத்தில் அடைப்புக்குறி கண்ணில் பட்டது, அந்த சங்கீதத்தின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எண்பத்தெட்டாம் சங்கீதம். இரண்டு மூன்று வசனம் போன பிறகுதான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. குழிக்குள் இறங்கினவர்களோடு தன்னையும் எண்ணிவிட்டார்கள் என்று ஒருவன் அழுகிறான். அடியிலும் அடியான குழியில், இருளில் என்னை வைத்தாய் என்கிறான்.

"வேணாம்டா, அது வேணாம்" என்றாள் அம்மா.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பயந்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"அதுல சேலா இருக்குதா?" என்றார் என்ஜின்காரர்.

"இருக்குது."

"அப்பப் படி."

முதல் சேலாவில் சத்தம் தாமதமாக வந்தது. ஒரே ஒரு டக். அடியில் தண்ணீர் ஏறியிருப்பதாகக் கீழே இருந்தவன் சொன்னான். நான் தொடர்ந்தேன். செத்தவர்கள் எழுந்து உன்னைப் புகழ்வார்களா என்று அந்த ஆள் கடவுளைக் கேட்கிறான். கேட்ட இடத்தில் சேலா. என்ஜின் நின்றது. கேட்டோம். ஒன்றும் வரவில்லை. என்ஜின்காரர் குழாயில் காதை வைத்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் என்ஜினைச் சுற்றினார். மத்தியானம் தாண்டியிருந்தது. மேஸ்திரி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தானே பள்ளத்தில் இறங்கினார்.

நான் அந்த சங்கீதத்தைக் கடைசிவரைக்கும் வாசித்தேன். மற்ற சங்கீதங்களில் எவ்வளவு அழுதாலும் முடிவில் ஒரு நன்றியோ துதியோ வந்துவிடும். இதில் வரவில்லை. இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிந்தது. அதற்குப் பிறகு வாசிக்க எனக்குக் குரல் இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு பலகைக்கு அடியில் நைனாவின் கை தெரிந்தது. சரிந்த பலகைகள் இரண்டு குழாயின் மேல் சாய்ந்து, நடுவில் ஒரு ஆள் ஒடுங்குகிற இடம் விட்டிருந்தன. கழுத்துவரை தண்ணீர். கடப்பாரை கையிலிருந்து நழுவிவிட்டதால்தான் தட்ட முடியவில்லை. ஒரு கால் மட்டும் பலகைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. வெளியே எடுத்ததும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. லாரியில் போட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த உபதேசியார், நாற்பத்தாறாம் சங்கீதம் அவரைக் காப்பாற்றிவிட்டது, வருகிற ஞாயிறு நீ சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். சொல்வதாகத்தான் இருந்தேன். நைனாவுக்கு நினைவு தெளிந்த பிறகு, அவர் தட்டிய சத்தம் கேட்டு நாங்கள் எப்படிச் சந்தோஷப்பட்டோம் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"என்ஜின் நிக்கும்போதெல்லாம் தண்ணி ஏறுதுடா. செத்தேன்னு நெனச்சேன். நிறுத்தாதீங்கடா, நிறுத்தாதீங்கடான்னுதான் தட்டுனேன்."

எங்கள் காதில் 'உயிரோடு இருக்கிறேன்' என்று விழுந்தது, உண்மையில் அவர் 'நிறுத்தாதே' என்று கதறியது. எங்களுக்கு ஆறுதலாக இருந்த ஒவ்வொரு சேலாவும் அவருக்குச் சாவாக இருந்திருக்கிறது. ஜெபவீட்டில் சாட்சி சொல்ல எழுந்தபோது நான் இதைத்தான் சொன்னேன். நாற்பத்தாறை விட்டுவிட்டு எண்பத்தெட்டை வாசித்தேன். துதியே இல்லாத அந்தப் பாட்டையும் கடவுள் தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லையே, நாம் ஏன் பயப்படவில்லை என்று நடிக்க வேண்டும் என்று கேட்டேன். நைனா கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதால்தான் அவர் கிடைத்தார். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. உபதேசியாருக்கும் தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் என்றார்.

நைனாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மழைக்காலத்திலும் எங்கள் வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கிறது. தினமும் படுக்கும்முன் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்கிறார். சேலா வருகிற இடத்தில் நிறுத்தாமல் போகச் சொல்கிறார், நானும் நிறுத்துவதில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். லாரி வாடகை, வெளியே வாங்கிய ரத்தம், அம்மா மெட்ராஸில் தங்கிய செலவு, உடைந்துபோன எட்டு வீட்டுக் கதவுகள், கடைசியில் வாங்கிய கட்டைக்கால், எல்லாவற்றுக்கும் எருமையையும் அம்மாவின் கம்மலையும் விற்றோம். கான்டிராக்டர் கொடுத்த நூறு ரூபாயைக் கழித்துவிட்டால், நைனாவை வெளியே எடுத்ததற்கு எங்களுக்கு ஆனது எழுநூற்று நாற்பது ரூபாய்.